கொழும்பில் தொலைத்தொடர்பு வரலாற்றைத் தேடிப் பார்ப்பது எப்படி?

தொலைத்தொடர்பு வரலாற்றில் புதிதாக ஆர்வம் கொள்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய தொலைபேசி ஒன்றின் முன்னால்தான் முதலில் போய் நிற்கிறார்கள். பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. இதில் பார்ப்பவர்களின் குற்றம் எதுவும் இல்லை. ஒரு வாளையோ பொற்காசையோ தனியே வைத்துப் பார்த்தாலும் அது முழுப்பொருள். தொலைபேசி அப்படிப்பட்டதன்று. அதன் பாதிதான் பெட்டிக்குள் இருக்கிறது. மற்றப் பாதி கம்பியின் அந்தப் பக்கத்தில் இருந்தது.

ஆகவே கொழும்பில் எங்கே போனாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கருவி எதனோடு இணைக்கப்பட்டிருந்தது, மறுமுனையில் இருந்தவர் யார்? இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு வேலைநாளும் ஓர் ஓய்வுநாளும் ஒதுக்கினால் நல்லது. பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. நூதனசாலை என்றதும் பலருடைய கால்கள் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைப் பக்கமே திரும்பும். கண்டி அரசர்களின் சிம்மாசனத்தைப் பார்க்க அதுவே சரியான இடம். தந்தியையும் தொலைபேசியையும் தேடி அங்கே போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

புறப்படும் முன்: நான்கு கருவிகள்

வீட்டில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு நான்கு கருவிகள் வேலை செய்யும் விதத்தை விளங்கிக்கொண்டு போங்கள். இந்த ஒரு மாலை இல்லாமல் போகிறவர்களுக்குக் காட்சிப்பெட்டிகளில் மரமும் பித்தளையும் மட்டுமே தெரியும்.

முதலாவது மோர்ஸ் தந்திக் கருவி. அமெரிக்காவில் 1844ஆம் ஆண்டு வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் செய்து காட்டியது. மேசையில் இருக்கும் பித்தளைச் சாவி ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அழுத்தும்போது மின்சுற்று மூடுகிறது. பல மைல்களுக்கு அப்பால் ஒரு மின்காந்தம் சிறு இரும்புத் தகட்டை இழுக்கிறது, ‘டக்’ என்ற ஒலி எழுகிறது. விட்டதும் இன்னொரு ‘டக்’. இரண்டு ஒலிகளுக்கும் நடுவிலுள்ள நேரம் குறுகியதென்றால் புள்ளி, நீண்டதென்றால் கோடு. தொடக்கத்தில் காகித நாடாவில் குறிகள் பதிவாயின. பின்னர் தந்தி எழுத்தர்கள் நாடாவைப் பார்க்காமல் காதால் கேட்டே எழுதப் பழகினார்கள். நூதனசாலையில் பார்க்கும் கருவியில் நாடாச் சுருள் இருக்கிறதா, ஒலிக்கும் பகுதி மட்டும்தான் இருக்கிறதா என்று கவனியுங்கள். முதலாவது கண்ணுக்குச் செய்தி சொன்ன கருவி, இரண்டாவது காதுக்குச் சொன்னது.

பக்கத்தில் இன்னொரு மின்காந்தப் பெட்டி தெரிந்தால் அது அநேகமாக ரிலே. நீண்ட தூரம் ஓடிக் களைத்து வரும் மின்னோட்டத்தால் ஒலிப்பானை அசைக்க முடியாது. ஆனால் ஒரு மெல்லிய தொடுமுனையை மூட அதற்கு வலு உண்டு. அந்தத் தொடுமுனை உள்ளூர் மின்கலத்தை ஒலிப்பானோடு இணைத்துவிடும். நாடு கடந்தும் தந்தி போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சிறு தந்திரமே காரணம்.

இரண்டாவது, கைப்பிடி சுற்றும் தொலைபேசி. பக்கவாட்டில் கைப்பிடி இருந்தால் உள்ளே ஒரு சிறு மின்னாக்கி இருக்கிறது என்று பொருள். அதைச் சுற்றினால் ஊர்த் தொலைபேசிக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் இணைப்பகத்தில் மணி அடிக்கும், அல்லது ஒரு சிறு தகடு கீழே விழும். பேசுவதற்கான மின்சாரத்தை வீட்டிலேயே, பெட்டிக்குள்ளோ கீழேயோ வைத்த மின்கலம் கொடுத்தது. பிற்காலத்தில் இணைப்பகமே கம்பி வழியாக ஏறத்தாழ 50 வோல்ட் மின்சாரத்தை அனுப்பத் தொடங்கியதும் கைப்பிடியும் போய்விட்டது, வீட்டு மின்கலமும் போய்விட்டது. மின்வெட்டு நேரத்திலும் பழைய கம்பித் தொலைபேசி உயிரோடு இருந்ததன் ரகசியம் அதுவே.

மூன்றாவது சுவிட்ச்போர்ட். வரிசை வரிசையாகத் துளைகள், கீழே சோடி சோடியாகக் கயிறுகள். ஒப்பரேட்டர் ஒரு கயிற்றை அழைத்தவரின் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மற்றக் கயிற்றை அவருடைய துளையில் செருகுவார். இதன் முன்னால் நிற்கும்போது கயிறுகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள். பத்துச் சோடிக் கயிறு இருந்தால் ஒரே நேரத்தில் பத்து உரையாடல்கள்தான் நடக்க முடியும். ‘ட்ரங்க் கோல்’ என்ற வெளியூர் அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததைப் பற்றி முதியவர்கள் சொல்வதற்கும் இதுபோன்ற ஒரு கணக்கே அடிப்படை. ஊர்களுக்கிடையே இருந்த தொடுப்புகள் சில, அவற்றுக்காகக் காத்திருந்தவர்கள் பலர்.

சுழற்றும் வட்டு கொண்ட தொலைபேசியையும் இதோடு சேர்த்தே பாருங்கள். வட்டு திரும்பி வரும்போது மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. 1 என்றால் ஒரு வெட்டு, 7 என்றால் ஏழு, 0 என்றால் பத்து. இணைப்பகத்தில் இருக்கும் தெரிவுக் கருவி அந்த வெட்டுகளை எண்ணி ஒவ்வொரு படியாக மேலேறும், பிறகு பக்கவாட்டில் நகரும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து முனை, ஆக ஒரே கருவி நூறு கம்பிகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும். இந்த அமைப்புக்கு 1891இல் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்தவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஒப்பரேட்டர் போட்டியாளருக்குக் கொடுத்துவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் மனிதக் கையே இல்லாத இணைப்பகத்தை யோசித்தார் என்று சொல்வார்கள்.

நான்காவது தொலைத் தட்டச்சு, அதாவது டெலிபிரிண்டர். தமிழர்கள் இதன் முன்னால் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். இதன் காகித நாடாவில் ஓர் எழுத்துக்கு ஐந்து துளையிடங்கள். துளை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். ஐந்து இடங்களில் 32 சேர்க்கைகளுக்கு மேல் வராது. எழுத்து வரிசை, எண் வரிசை என்று மாற்றிப் போட்டு ஆங்கிலத்தை அதற்குள் அடக்கினார்கள். 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு அதில் இடமே இல்லை. அதனால் உலகச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வந்து விழுந்தன. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் போன்ற பத்திரிகைகளின் ஆசிரிய பீடங்களில் இருந்தவர்கள் அவற்றை இரவோடிரவாகத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பினார்கள். நம் முன்னோர் உலகப் போரைப் பற்றித் தமிழில் படித்தார்கள் என்றால் அந்த ஐந்து துளை நாடாவுக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் விழித்திருந்தார்.

முதல் நாள்: கோட்டையிலிருந்து வாவிக்கரை வரை

வேலைநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமான நூதனசாலை அரச அலுவலகக் கட்டடத்தில் இருப்பதால் வார இறுதியும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் உதவாது. அதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்துத் திறந்திருக்கும் நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டை எடுத்துச் செல்லலாம்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி சதாம் வீதிக்கு நடந்து போங்கள். அங்கே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டப்பட்டது. வரைபடம் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்டினுடையது என்பார்கள். பின்னர் பல ஆண்டுகள் இதுவே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. கம்பியில்லாமல் கடலுக்குச் செய்தி சொன்ன கட்டடம் என்பதால் நமது பயணத்தை இங்கே தொடங்குவது பொருத்தம். இங்கே அதிக நேரம் தேவையில்லை.

அங்கிருந்து ஜனாதிபதி மாவத்தையில் உள்ள பழைய பிரதான தபாற் கந்தோர்க் கட்டடத்தை நோக்கிப் போகலாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த வீதி நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது. போகும் நாளில் நிலைமை எப்படி என்று காவலில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். 1895இல் நிறைவடைந்த இந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் தமிழ் பேசும் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரைக்கார். தேசிய நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. தபால் சேவை இங்கிருந்து வெளியேறி ஆண்டுகள் பலவாகின்றன. ஆனாலும் தூண்களின் உயரத்தைப் பார்த்தால், ஒரு கடிதத்தை அனுப்புவது அக்காலத்தில் எவ்வளவு பெரிய காரியமாகக் கருதப்பட்டது என்பது புரியும்.

இங்கே சற்று நின்று காலியை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே போடப்பட்டது. தலைநகரிலிருந்து முதற்கம்பி ஏன் கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவில்லை? காரணம் துறைமுகம். கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்புவதற்கு முன் ஐரோப்பிய அஞ்சல் கப்பல்கள் காலியில்தான் நங்கூரமிட்டன. உலகச் செய்தி முதலில் காலியில் இறங்கியது, சுமார் 115 கிலோமீட்டர் தள்ளியிருந்த கொழும்பு அதற்காகக் காத்திருந்தது. அந்த இடைவெளியைக் கடக்க ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை 1850 முதல் புறாக்களை வைத்திருந்தது. கப்பல் வந்ததும் செய்தியைச் சுருக்கமாக எழுதிப் புறாவின் காலில் கட்டிக் காலியில் பறக்கவிடுவார்கள். தந்திக் கம்பி வந்ததும் அந்தப் புறாக்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு கம்பி எங்கே முதலில் போகிறது என்பதைப் பார்த்தாலே அக்காலத்தில் பணமும் அதிகாரமும் எந்தத் திசையில் ஓடின என்பது தெரிந்துவிடும். இதே காலப்பகுதியில்தான் மன்னார் வழியாகப் பாக்குநீரிணையைத் தாண்டி இந்தியத் தந்தி வலையோடும் இலங்கை இணைந்தது.

அடுத்தது லோட்டஸ் வீதி. இன்று ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் தலைமையகம் நிற்கும் இந்தப் பகுதி நெடுங்காலமாகவே தந்தி, தொலைபேசி அலுவலகங்களின் வட்டாரம். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கும் இடம் இது இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் போதும். நினைவில் வைக்க வேண்டியது நிருவாக வரலாறு. கொழும்பில் தொலைபேசி 1880இல் வந்தது. கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 1876இல் என்பதை எண்ணிப் பார்த்தால் நான்கே ஆண்டுகள்தான் இடைவெளி. தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே கூரையின்கீழ் இருந்து 1980இல் தனித்தனித் திணைக்களங்களாயின. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று, 1996இல் பொதுக் கம்பனியாயிற்று, 1997இல் ஜப்பானின் என்டிடி நிறுவனம் பங்காளியாக வந்தது. பழைய பொருட்கள் சில தபால் பக்கமும் சில டெலிகொம் பக்கமும் சிதறிக் கிடப்பதற்கு இந்தப் பிரிவினைகளே காரணம்.

கோட்டையின் மத்திய தந்திக் கந்தோரில் இன்னொரு வரலாறும் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் அங்கே ஒரு சிறு அறையிலிருந்து கிராமபோன் இசையை வானலையில் பரிசோதனையாக அனுப்பினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வானொலி நம் நாட்டில் கலைஞர்களின் கூடத்தில் பிறக்கவில்லை, தந்திக்காரர்களின் மேசையில் பிறந்தது.

இப்போது டி. ஆர். விஜேவர்தன மாவத்தை. இந்த வீதிக்கு முழு நேரத்தையும் கொடுங்கள். பேரே வாவியை ஒட்டி மருதானைப் பக்கம் போகும் இந்த ஒரே வீதியில் பத்திரிகை, தபால், அலைக்கோபுரம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. லேக் ஹவுஸ் கட்டடம் முதலில் வரும். வீதிக்குப் பெயர் தந்த டி. ஆர். விஜேவர்தன 1923இல் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையை வாங்கினார். புறாக்களை வளர்த்த அதே பத்திரிகைதான்.

நூதனசாலைக்குள்

கொழும்பு 10இல் தபால் தலைமையகக் கட்டடத்தில் தேசிய தபால் நூதனசாலை இருக்கிறது. இதன் வேர் 1918 வரை போகிறது. இன்றைய இடத்தில் 2010ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்த முதல் இலங்கை முத்திரை தொடங்கித் தபால் சேவையின் பொருட்கள் எல்லாவற்றுக்கும் இதுவே தாய்வீடு. முத்திரை ஆர்வலர்கள் அங்கேயே அமர்ந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியவை தந்திக் கருவிகளும் அவற்றைச் சூழ்ந்த பொருட்களும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், படம் எடுக்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு கருவியைத் தேர்ந்து அதன் முன் நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை வரையுங்கள். வரையத் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. கை வரையும்போதுதான் கண் திருகாணிகளை எண்ணத் தொடங்கும். எத்தனை முனைகள், எத்தனை கம்பிகள், மின்கலம் எங்கே, தரைக்கம்பி எங்கே என்று பாருங்கள். தந்தித் தொடுப்புக்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான் போனது, திரும்பும் பாதையாகப் பூமியே பயன்பட்டது. அந்த ஒரு முனையைக் கண்டுபிடித்துவிட்டால் காலியோ மன்னாரோ எங்கே தொடங்கியது என்று கைகாட்டிச் சொல்லலாம்.

தயாரிப்பாளரின் பெயர்த்தகட்டைத் தேடுங்கள். சாவியின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தேய்மானம் ஒரு மனிதக் கையின் கையெழுத்து. அந்தக் கைகளில் பல தமிழ்க் கைகள். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வெளிவந்த இளைஞர்கள் எழுத்தர்களாகவும் தபாலதிபர்களாகவும் புகையிரத நிலையத் தந்திக்காரர்களாகவும் இலங்கை முழுவதும், மலாயா வரையும்கூடப் போனார்கள். விளக்கப் பலகையில் இது எழுதப்பட்டிருக்காவிட்டாலும் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

தந்திப் படிவம் ஏதேனும் காட்சியில் இருந்தால் சொற்களை எண்ணுங்கள். கட்டணம் சொற்கணக்கில் என்பதால் ஒவ்வொரு சொல்லும் காசு. தகப்பனார் கவலைக்கிடம், உடனே புறப்படு என்ற அளவில்தான் பெரும்பாலான குடும்பச் செய்திகள் இருந்தன. அவையும் ஆங்கில எழுத்தில். படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி அந்தக் காகிதத்தோடு ஓடியவர்களை நினைக்காமல் தந்தியின் வரலாற்றை எழுத முடியாது.

பொறுப்பிலிருக்கும் அலுவலரிடம் தயங்காமல் பேசுங்கள். “ஐயா, இதை எப்போதாவது இயக்கிப் பார்த்தவர்கள் இன்னும் சேவையில் இருக்கிறார்களா?” என்று கேட்டால் கதவுகள் திறக்கும். ஓய்வுபெற்ற ஒருவரின் அறிமுகம் ஒரு முழுக் காட்சிக்கூடத்தை விடப் பெரிது.

வெளியே வந்தால் அதே வீதியில் தாமரைக் கோபுரம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இது 350 மீட்டர் உயரத்தை எட்டும் தொலைத்தொடர்புக் கோபுரம். டிக்கெட் எடுத்து மேலே போகலாம். செல்பி எடுப்பவர்கள் விலகும்வரை பொறுத்திருந்து, காலையில் நடந்த கோட்டைப் பகுதியையும் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையும் மேலிருந்து கண்டுபிடியுங்கள். காலியிடமிருந்து கப்பல்களைப் பறித்த சுவர் அது.

இரண்டாம் நாள்: கம்பியில்லாத கொழும்பு

இந்த நாளுக்கு ஓட்டோ ஒன்று பேசிக்கொள்வது நல்லது. இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, எதிலும் காட்சிப்பெட்டி கிடையாது.

சுதந்திரச் சதுக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனக் கட்டடம். 1925 டிசம்பர் 16ஆம் திகதி அதிகாரபூர்வமாகத் தொடங்கிய கொழும்பு வானொலி, 1949இல் ரேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் படைவீரர்களுக்காக அமைத்த வலுவான சிற்றலை வசதி போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. அந்த வலுவில்தான் ஏக்கலை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து கிளம்பிய அலை தமிழகத்தின் தேநீர்க்கடைகள்வரை போயிற்று. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களை அந்தக் கரையிலுள்ளவர்கள் தங்கள் வீட்டுக் குரலாகவே கேட்டார்கள். கம்பியின் மறுமுனை எங்கே என்ற நமது கேள்விக்கு இதைவிட மகிழ்ச்சியான விடை கொழும்பில் இல்லை. உள்ளே போக முன் அனுமதி தேவை.

அங்கிருந்து நாரஹேன்பிட்டிப் பக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்ட பிரித்தானிய நிலையம் ஒன்று ‘எச்எம்எஸ் அன்டர்சன்’ என்ற பெயரில் இந்தப் பகுதியில் இயங்கியது. இன்று அன்டர்சன் தொடர்மாடி வீடுகளின் பெயரில் மட்டும் அந்தச் சொல் இருக்கிறது. அவ்வழியே போகும்போது 1942 ஏப்ரல் 4ஆம் திகதியை நினையுங்கள். கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்தில் சென்ற கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி கொழும்புக்கு வந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் விழுந்தபோது நகரம் முற்றிலும் அறியாமல் இருக்கவில்லை.

பொரளை கனத்தை மயானத்தில் ஆர்தர் சி. கிளார்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும், அதைக் கொண்டு உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் இவர். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தார். அவருடைய எண்ணத்தின் செயல்வடிவத்தை நீங்கள் தினமும் கூரைகளில் பார்க்கிறீர்கள். நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால், நமக்கு நேர் மேலே உள்ள செய்மதியைப் பார்க்கும் தட்டு கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும் செய்மதிக்கு அந்தப் பக்கமாகச் சரிந்திருக்கும். ஒரு தெருவில் உள்ள தட்டுகளின் சரிவை ஒப்பிட்டாலே எத்தனை செய்மதிகளோடு அந்தத் தெரு பேசுகிறது என்று ஊகிக்கலாம்.

மாலையில் நேரமிருந்தால் கல்கிசைக் கடற்கரை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த சீ-மீ-வீ 3 கடலடி வடமும், 2006இல் தூத்துக்குடியிலிருந்து வந்த பாரத் லங்கா வடமும் இந்தப் பக்கத்தில்தான் கரையேறின. பார்ப்பதற்கு மணலைத் தவிர ஒன்றும் இல்லை. பழைய வடங்களுக்குக் ‘கட்டாப்பெர்ச்சா’ என்ற மலாயா மரப்பால் உறையிட்டார்கள், இப்போது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. கடலடி வடங்களின் முழுக்கதையையும் கருவிகளோடு பார்க்க விரும்புபவர்கள் எப்போதாவது இங்கிலாந்து போனால் கோர்ன்வோலில் உள்ள போர்த்கர்னோ நூதனசாலைக்குப் போக வேண்டும். 1870இல் பம்பாயோடு பேசிய நிலையம் அது.

ஆவணங்களில் தேட

இரண்டு நாளும் பிடித்துப்போய் மேலே போக விரும்பினால், கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. வாசகர் அனுமதி பெற வேண்டும், பென்சில் கொண்டு போங்கள். ஆங்கிலேயர் கால நிருவாக அறிக்கைகளில் தபால் மா அதிபரின் ஆண்டறிக்கையைக் கேளுங்கள். எந்த ஊருக்கு எந்த ஆண்டு தந்திக் கந்தோர் வந்தது என்பதை அங்கே பிடிக்கலாம். இலங்கை பற்றிய பழைய தகவல் கையேடுகளான ஃபெர்குசன் டிரெக்டரிகளும் உதவும். அவற்றைத் தொகுத்த குடும்பமே ஒரு காலத்தில் ஒப்சேவரையும் நடத்தியது.

உங்கள் சொந்த ஊரில் தொடங்குங்கள். பருத்தித்துறையோ கல்முனையோ ஹட்டனோ, ஓர் ஊரின் முதல் தந்தியைத் தேடிப் போகும்போது வரலாறு சட்டென்று நெருங்கி வந்துவிடும். தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகம் பெருந்துணை. பழைய விளம்பரங்களில் தொலைபேசி இலக்கங்களைக் கவனியுங்கள். கொழும்பு இலக்கங்கள் ஐந்து இலக்கமாக இருந்து ஆறாகி, பின்னர் முன்னால் ஒரு 2 சேர்ந்து ஏழாயின. திகதி இல்லாத விளம்பரத்தின் காலத்தை இதைக்கொண்டே ஓரளவு கணிக்கலாம்.

வீட்டில் இருப்பவை

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். போர்க்காலத்தில் வடக்குக்கான தொலைபேசித் தொடுப்புகள் ஆண்டுக்கணக்கில் அறுந்து கிடந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘கொமியூனிகேஷன்’ என்று பலகை போட்ட கடைகளில், கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வாங்கில்களில் உட்கார்ந்து கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரமாயிரம். கூண்டுக்குள் பேசியது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே ஆண்டுகளில் ஒரு பகுதி மக்களுக்குக் கடிதமே அதிர்ஷ்டம். கம்பி இருந்ததைப் போலவே கம்பி அறுந்ததும் தொலைத்தொடர்பு வரலாறு. அதற்கான சான்றுகள் இன்றும் மேசை இழுப்பறைகளிலும் அலுமாரிகளின் மேல்தட்டிலும் கிடக்கின்றன.

ஆகவே வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். “அம்மம்மா, அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் கடையிலிருந்து பேசினீர்கள், நிமிடத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தக் கிழமை காத்திருந்தீர்கள், முதலில் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். அழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

பொருட்களைப் பொறுத்தவரை அவசரமானவை காகிதங்கள். தொலைநகல் தாள்களும் கடைகளில் கொடுத்த வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகளும் நாளடைவில் மங்கி வெறுந்தாளாகிவிடும். இன்றே படம் எடுங்கள், பிறகு வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். அவற்றை லாமினேட் செய்யக் கொடுக்காதீர்கள், சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் குரலைப் பதிந்து அனுப்பிய கசெட்டுகள் இருந்தால், மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அதன்மேல் தவறுதலாக வேறெதுவும் பதிவாகாது. பழைய தொலைபேசியை வண்ணம் பூசியோ மெருகேற்றியோ அழகாக்க வேண்டாம். மின்கலம் உள்ளே இருந்தால் கழற்றுங்கள், கசிந்து உலோகத்தைத் தின்றுவிடும். துணி சுற்றிய வடத்தை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

நூதனசாலைக்குக் கொடுக்க முடிவு செய்தால் பொருளை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு வராதீர்கள். யார் பயன்படுத்தினார், எந்த வீட்டில், எந்த இலக்கத்தில், யாரோடு பேச என்பதை ஒரு கடிதமாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரச திணைக்களங்கள் தமிழில் வரும் கடிதத்தைப் பெற்றுத் தமிழில் பதிலளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை.